வெளிநாட்டில் இருவர் வேலையும் ஒரு குடும்பமும்: "போய்ப் பார்த்துக்கலாம்" என்று கிளம்பாதீர்கள்

வெளிநாட்டுக்குக் குடிபெயரும் தம்பதிகளில் பெரும்பாலும் ஒருவர் கையில்தான் வேலைக்கான கடிதம் இருக்கும். மற்றவர் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று பெட்டி கட்டுவார். நானும் அப்படித்தான் கிளம்பினேன். கணவருக்குக் கையில் வேலை இருந்தது. எனக்கு ஒன்பது ஆண்டு அனுபவமும், இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தையும். மறுபடி சம்பளம் வாங்க எனக்கு இரண்டே கால் ஆண்டு ஆனது. அதில் பாதியாவது வீணாகப் போன காலம். யாரும் என்னைத் தடுக்கவில்லை. வேலைக்குப் போகாதே என்று கணவர் ஒருநாளும் சொன்னதில்லை. நாங்கள் எதையும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை, அதனால் எல்லாம் தானாகவே முடிவாகிவிட்டது.

இந்தக் கட்டுரையில் முதல் வேலை, இரண்டாவது வேலை என்று எழுதுகிறேன். எது முதலில் கிடைத்ததோ அது முதல் வேலை, அவ்வளவுதான். மனைவியின் நர்ஸ் வேலையை நம்பிக் குடும்பமே வந்து, கணவர் வீட்டிலிருந்து வேலை தேடும் வீடுகளும் நிறைய உண்டு. அவர்களுக்கும் இதே படிகள்தான்.

1. டிக்கெட் போடும் முன்: துணைவரின் விசாவில் என்ன எழுதியிருக்கிறது?

முதல் வேலைக்கான விசாவை எல்லோரும் வரி விடாமல் படிப்பார்கள். கூட வருபவரின் விசாவைப் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நாட்டுக்கு நாடு இது தலைகீழாக மாறும். ஜெர்மனியில் ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதி வைத்திருப்பவரின் துணைவர் எந்த வேலையிலும் சேரலாம். நெதர்லாந்தில் திறன்மிகு பணியாளரின் துணைவருக்கும் தடையில்லை. பிரிட்டனில் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவரின் துணைவரும் ஏறக்குறைய எல்லா வேலைகளுக்கும் போகலாம். ஆனால் அதே பிரிட்டனில், பராமரிப்புப் பணியாளராக வந்தவர்கள் 2024 மார்ச் 11 முதல் குடும்பத்தை அழைத்துவரவே முடியாமல் போனது.

அமெரிக்காவில் எச்-1பி வேலை விசா வைத்திருப்பவரின் துணைவராக எச்-4 விசாவில் வருபவர் இறங்கியவுடன் வேலைக்குப் போக முடியாது. எச்-1பி வைத்திருப்பவரின் கிரீன் கார்டு நடைமுறையில் ஐ-140 என்ற மனு ஏற்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது எச்-1பியின் ஆறாண்டு வரம்பைத் தாண்டி அவருக்கு நீட்டிப்பு கிடைத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் துணைவர் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வழியே 2015-இல்தான் திறந்தது. ஒரே கம்பெனிக்குள் இடம் மாறி எல்-1 விசாவில் வருபவரின் துணைவருக்கோ (எல்-2 விசா) தனி அனுமதி அட்டை தேவையில்லை. ஆகவே கம்பெனி எச்-1பி தருகிறதா, எல்-1 தருகிறதா என்பது துணைவரின் அடுத்த ஐந்தாண்டையே தீர்மானிக்கும் கேள்வி. சிங்கப்பூரில் 2021 மே மாதத்திலிருந்து, சார்ந்திருப்போர் பாஸில் இருப்பவர் வேலைக்குப் போக விரும்பினால் பெரும்பாலும் தன் பெயரிலேயே வேலைப் பாஸ் பெறவேண்டும். கனடாவில் 2025 ஜனவரி 21 முதல், துணைவரின் திறந்த வேலை அனுமதி (எந்தக் கம்பெனியிலும் சேரலாம் என்ற அனுமதி) முதல் வேலை எந்த வகையைச் சேர்ந்தது என்பதையும், அந்த அனுமதியில் குறைந்தது 16 மாதம் மீதம் இருக்கிறதா என்பதையும் பொறுத்தது.

இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. நண்பர் சொன்னதை நம்பாமல், அந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் பக்கத்தில் நீங்களே படியுங்கள். மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். துணைவர் வேலை செய்யலாமா? எந்த நாளிலிருந்து: இறங்கிய நாளிலிருந்தா, அட்டை கைக்கு வந்த பிறகா? முதல் வேலை போய்விட்டால் துணைவரின் அனுமதி என்ன ஆகும்? எச்-1பியில் வேலை இழந்தவருக்கு அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். எச்-4 அதோடு கட்டப்பட்டது.

பதில் "முடியாது" என்று வந்தால், போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெரிந்து போங்கள். வேலை செய்ய முடியாத இரண்டு ஆண்டை ஒரு படிப்புக்கோ தொழில் தேர்வுக்கோ ஒதுக்கிக்கொண்டு போவது ஒரு வாழ்க்கை. ஆறாவது மாதத்தில் அந்த விதியை முதல்முறையாகக் கேள்விப்படுவது முற்றிலும் வேறு வாழ்க்கை.

இன்னொன்று: கையெழுத்துப் போடும் முன்தான் கம்பெனி உங்கள் பேச்சைக் கேட்கும். துணைவரின் மொழி வகுப்புக் கட்டணம், சான்றிதழ் மதிப்பீட்டுச் செலவு, விசாச் செலவு இவற்றை எச்.ஆரிடம் அப்போதே கேளுங்கள். சம்பளத்தை உயர்த்த மறுக்கும் இடங்கள்கூட இதற்குச் சரி என்று சொல்வதுண்டு.

2. காகிதங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் அசட்டையாக விடாதீர்கள். இருவரின் பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பாடத்திட்ட விவரம், திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், குழந்தையின் தடுப்பூசிப் பதிவு. இவற்றில் அப்போஸ்தில் முத்திரை (வெளிநாட்டில் காட்ட, காகிதம் உண்மையானது என்று அரசு தரும் சான்று) தேவையானவை எவை என்று பாருங்கள். 1961 ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த பெரும்பாலான நாடுகளுக்கு இந்த ஒரு முத்திரை போதும். பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றில் இனிஷியலும் இன்னொன்றில் அதன் விரிவும் இருந்தால், ஊரில் இருக்கும்போதே சரிசெய்வதுதான் எளிது.

பழைய கம்பெனியிலிருந்து வாங்கும் அனுபவக் கடிதத்தில் தேதிகள் மட்டும் இருந்தால் போதாது. என்ன வேலை செய்தீர்கள், முழுநேரமா பகுதிநேரமா என்பதும் இருக்கட்டும். நான் வாங்கிவந்த கடிதத்தில் நான்கே வரிதான் இருந்தது. விரிவான கடிதம் கேட்டு ஏழு மின்னஞ்சல் அனுப்பவேண்டியிருந்தது, அதற்குள் என் மேலாளர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

உங்கள் தொழில் அந்த நாட்டில் உரிமம் தேவைப்படும் தொழிலா என்பது அடுத்த கேள்வி. மருத்துவர், நர்ஸ், ஆசிரியர், வழக்கறிஞர் போன்றவர்கள் உரிமம் இல்லாமல் தொழில் செய்ய முடியாது. தேர்வு, மொழித் தகுதி, மேற்பார்வையில் பணி என்று மாதக்கணக்கில் போகும். அதை விமானம் ஏறும் முன்பே தொடங்கிவிட வேண்டும். மென்பொருள், கணக்கு, வடிவமைப்பு போன்ற துறைகளில் பெரும்பாலும் பட்ட மதிப்பீடு போதும், சில இடங்களில் அதுவும் கேட்கமாட்டார்கள். கனடாவுக்கு டபிள்யூ.இ.எஸ்., பிரிட்டனுக்கு எக்டிஸ், ஜெர்மனிக்கு அனாபின் தரவுத்தளம் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வழி இருக்கிறது.

3. இரண்டாவது வேலைக்குத் தேதி வையுங்கள்

இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே இந்தப் படிக்காகத்தான். முதல் வேலைக்குச் சேரும் தேதி இருக்கிறது, அலுவலக நேரம் இருக்கிறது, கேள்வி கேட்க ஒரு மேலாளர் இருக்கிறார். இரண்டாவது வேலைக்கு ஆசை மட்டும்தான் இருக்கிறது. தேதி உள்ளதும் தேதி இல்லாததும் ஒரே வீட்டில் இருந்தால், தேதி உள்ளதைச் சுற்றித்தான் வீடு தன்னை அடுக்கிக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் அது எப்படி நடந்தது தெரியுமா? முதல் மாதம் வீடு தேடவேண்டும், யாராவது பகலில் போகவேண்டும், நான் போனேன். அடுத்து வங்கி, மருத்துவர் பதிவு, பதிவு அலுவலகம். "நீ வீட்டில்தானே இருக்கே." பிறகு குழந்தை புது மொழியில் தடுமாறியது, கொஞ்ச நாள் கூடவே இருக்கலாம் என்று நினைத்தேன். அதன்பின் கணவருக்குப் புது ப்ராஜெக்ட். ஒவ்வொரு காரணமும் நியாயமானது. இன்று கேட்டாலும் ஒவ்வொன்றையும் நான் ஒத்துக்கொள்வேன். ஆனால் பதினான்கு மாதம் கழிந்தபோது நான் மூன்றே மூன்று விண்ணப்பங்கள் அனுப்பியிருந்தேன்.

ஆகவே ஒரு தாளை எடுத்து மூன்று விஷயங்களை எழுதுங்கள். முதலாவது தேதி: எந்த மாதத்திலிருந்து துணைவர் முழுமூச்சாக வேலை தேடுவார், எந்த மாதம் வரை கிடைக்காவிட்டால் மாற்று வழியை யோசிப்போம் என்று. இரண்டாவது நேரம்: வாரத்தில் எத்தனை மணி நேரம் அவர் விண்ணப்பத்துக்கும் படிப்புக்கும் மட்டும் ஒதுக்குவார், அந்த நேரத்தில் குழந்தை யாரிடம் என்று. பத்து மணி நேரமாவது வேண்டும். குழந்தை தூங்கும் நேரத்தை அதில் சேர்க்காதீர்கள், அந்த நேரம் உங்கள் கையில் இல்லை. மூன்றாவது பணம்: மொழி வகுப்பு, தேர்வுக் கட்டணம், இன்டர்வியூவுக்குப் பயணம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று இதற்காகவே ஒரு தொகை. மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று விட்டால் மிச்சம் இருக்காது.

இங்கே எல்லோரும் போடும் ஒரு கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "டே கேர் கட்டணத்துக்கே அவள் சம்பளம் போயிடுது, அப்புறம் எதுக்கு வேலை?" இந்தக் கணக்கில் இரண்டு தவறு. டே கேர் கட்டணம் ஏன் அவள் சம்பளத்திலிருந்து மட்டும் கழிகிறது? குழந்தை இருவருக்கும்தானே, இருவர் சம்பளத்திலிருந்தும் கழித்துப் பாருங்கள். இரண்டாவது, டே கேர் செலவு மூன்று நான்கு ஆண்டோடு குறைந்துவிடும், வேலையில் விழுந்த இடைவெளி அப்படிக் குறையாது. ஓய்வூதியப் பங்களிப்பு, பதவி உயர்வு, தொழில் பழக்கம், தெரிந்த முகங்கள் எல்லாம் அந்த ஆண்டுகளில் நின்றுபோகும். சில நாடுகளில் இந்தக் கணக்கு நேரடியாகவே தப்பாகும். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்புக்கான அரசு உதவித்தொகை பொதுவாகப் பெற்றோர் இருவரும் வேலையிலோ படிப்பிலோ இருந்தால்தான் கிடைக்கும்.

அதற்காகக் குழந்தையோடு வீட்டிலிருக்க விரும்புபவரை நான் குறை சொல்லமாட்டேன். விரும்பி இருங்கள், இத்தனை நாள் என்று சொல்லி இருங்கள்.

4. வீட்டுக்கு முன் டே கேர்

புதிதாக வருபவர்கள் முதலில் வீடு பிடிப்பார்கள், பிறகு பக்கத்தில் டே கேர் தேடுவார்கள், அப்போதுதான் காத்திருப்போர் பட்டியலின் நீளம் தெரியும். வரிசையை மாற்றுங்கள். ஊர் முடிவானவுடன், அங்கே வந்து சேரும் முன்பே, நான்கைந்து இடங்களில் பெயர் கொடுங்கள். முகவரி இல்லாமல் பதிய முடியாத ஊர் என்றால், முகவரி கிடைத்த அன்றே கொடுங்கள். ஜெர்மனியில் ஒரு வயது நிறைந்த குழந்தைக்கு இடம் பெறும் சட்ட உரிமை 2013 ஆகஸ்ட் முதல் இருக்கிறது. ஆனாலும் பல ஊர்களில் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். சட்டத்தை நம்பி விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

டே கேர் வீட்டுக்குப் பக்கத்திலா, ஆபீசுக்குப் பக்கத்திலா? என் யோசனை வீட்டுக்குப் பக்கம். ஒருவரின் ஆபீஸ் அருகே இருந்தால் கொண்டுபோய் விடுவதும் அழைத்து வருவதும் நிரந்தரமாக அவர் வேலையாகிவிடும்.

குழந்தையைப் பழக்கும் காலம் என்று ஒன்று இருப்பதும் பலருக்குத் தெரியாது. ஜெர்மனியில் முதல் சில வாரங்கள் பெற்றோரில் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய் வரவேண்டும். டே கேர் தொடங்கும் தேதியும் வேலையில் சேரும் தேதியும் ஒன்றாக இருந்தால் முதல் வாரமே சிக்கல். நடுவில் நான்கைந்து வாரம் விடுங்கள். முடிந்தால் ஏற்கெனவே வேலையில் இருப்பவர் லீவு எடுத்து அந்த வாரங்களில் உட்காரட்டும். என் கணவர் அப்படி உட்கார்ந்தார். அந்த மூன்று வாரத்துக்குப் பிறகுதான் குழந்தையின் ஆசிரியைகள் அவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பள்ளிக்குப் போகும் வயது என்றால் பிரச்சினை விடுமுறையில் இருக்கிறது. இங்கிலாந்தில் பள்ளி ஆண்டுக்குச் சுமார் 13 வாரம் மூடியிருக்கும். வேலையில் இருப்பவருக்குச் சட்டப்படி கிடைக்கும் குறைந்தபட்ச விடுப்பு, பொது விடுமுறைகளையும் சேர்த்து 5.6 வாரம். கணவன் மனைவி இருவரும் ஒருநாள்கூடச் சேர்ந்து லீவு எடுக்காமல் மாற்றி மாற்றி எடுத்தாலும் 11.2 வாரம்தான். மீதி நாட்களுக்கு விடுமுறை முகாமோ வேறு ஏற்பாடோ வேண்டும். நல்ல முகாம்களில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அமெரிக்காவில் சம்பளத்தோடு விடுப்பு தரவேண்டும் என்ற மத்தியச் சட்டமே இல்லை, கோடை விடுமுறையோ பத்து வாரத்தைத் தொடும். பள்ளி நாட்காட்டி கைக்கு வந்த அன்று மாலையே இருவரும் உட்கார்ந்து ஆண்டு முழுவதற்கும் கட்டம் போடுங்கள்.

5. காய்ச்சல் வந்த நாளில் யார் போவது?

நான் வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு டே கேரிலிருந்து போன். குழந்தைக்கு 38.6 டிகிரி காய்ச்சல், உடனே வந்து அழைத்துப் போங்கள் என்றார்கள். கணவரைக் கூப்பிட்டேன்.

"இன்னைக்கு உங்களால போக முடியுமா?"

"பதினொன்றரைக்கு ரிலீஸ் மீட்டிங் இருக்கேம்மா. நீ புதுசுதானே, உனக்கு இன்னும் பெருசா எதுவும் குடுத்திருக்க மாட்டாங்களே?"

அவர் எந்தத் தவறான எண்ணத்திலும் கேட்கவில்லை. எனக்கும் அந்த நிமிடம் அது நியாயமாகவே பட்டது. கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: நான் ப்ரொபேஷனில் இருக்கிறேன், அவர் இரண்டு ஆண்டாக அங்கே இருக்கிறார். பாதியில் எழுந்து போனால் யாருடைய வேலைக்கு ஆபத்து?

அன்று இரவு ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினோம். திங்களும் புதனும் போன் வந்தால் நான். செவ்வாயும் வியாழனும் அவர். வெள்ளி, ஒரு வாரம் நான், ஒரு வாரம் அவர். அன்றைக்கு யார் மீட்டிங் பெரியது என்ற பேச்சே கிடையாது. யாருக்காவது நகர்த்தவே முடியாத வேலை வந்தால், முந்தைய இரவுக்குள் நாளை மாற்றிக்கொள்ளலாம். காலை பதினொரு மணிக்கு மாற்ற முடியாது. இந்த ஒரு தாள் எங்கள் வீட்டில் எத்தனை சண்டைகளைத் தடுத்தது என்று எண்ணிச் சொல்ல முடியாது.

டே கேரிலும் பள்ளியிலும் இருவர் எண்ணையும் கொடுத்து, எந்த நாளில் யாரை முதலில் அழைக்கவேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். சொல்லாவிட்டால் தாயைத்தான் முதலில் அழைப்பார்கள். குழந்தையை அழைத்துப்போக உரிமையுள்ளவர் பட்டியலில் நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் பெயரையும், அவர் சம்மதத்தோடு, முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். பட்டியலில் இல்லாதவரிடம் பிள்ளையை அனுப்பமாட்டார்கள்.

சட்டம் என்ன தருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சுவீடனில் நோயுற்ற குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆண்டுக்கு ஒரு குழந்தைக்கு 120 நாள் வரை உதவித்தொகையோடு விடுப்பு உண்டு. ஜெர்மனியில் 2025-இல் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஒரு குழந்தைக்கு 15 வேலைநாள். ஆனால் அதற்கான உதவித்தொகை கிடைக்க, பெற்றோரும் குழந்தையும் அரசு சார்ந்த மருத்துவக் காப்பீட்டில் இருக்கவேண்டும். சம்பளம் அதிகம் என்று தனியார் காப்பீட்டுக்குப் போகும் புதியவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அமெரிக்காவின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் தரும் 12 வாரமும் சம்பளமில்லாதது. அதுவும் ஓராண்டு வேலை செய்த பிறகே, குறைந்தது 50 பேர் உள்ள தனியார் நிறுவனங்களில்தான். வந்த முதல் ஆண்டில் அதை நம்ப முடியாது.

6. வீட்டு வேலையைத் துறைதுறையாகப் பிரியுங்கள்

"என்ன செய்யணும்னு சொல்லு, செஞ்சுடறேன்" என்று சொல்பவர் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். ஆனால் எதைச் செய்யவேண்டும் என்று நினைவில் வைத்திருப்பதுதான் பெரிய வேலை. புது நாட்டில் அது இரட்டிப்பாகிறது. பள்ளியிலிருந்து வரும் கடிதம், தடுப்பூசித் தேதி, விசாப் புதுப்பிப்பு, வாடகை ஒப்பந்தம், வரிக் கணக்கு, எல்லாம் அறிமுகமில்லாத மொழியிலோ அறிமுகமில்லாத நடையிலோ வரும்.

அதனால் வேலைகளைத் துண்டுதுண்டாகப் பிரிக்காமல் துறையாகக் கொடுங்கள். மருத்துவம் ஒருவருக்கு என்றால், நேரம் வாங்குவது, போவது, படிவம் நிரப்புவது, அடுத்த ஊசி எப்போது என்று நினைவு வைப்பது எல்லாம் அவருடையது. மற்றவர் கேட்கவும் வேண்டாம், நினைவூட்டவும் வேண்டாம். முதல் இரண்டு மாதம் ஏதாவது தவறும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டு மொழி ஒருவருக்குத்தான் நன்றாக வரும் என்றால், கடிதங்கள் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டாதீர்கள். கடினமான கடிதங்களைச் சேர்ந்து படியுங்கள், போன் பேசுவதை மற்றவர் செய்யட்டும். வேலை தேடும் மொழி அங்கேதான் பழகும்.

7. வாரத்தில் அரை மணி நேரம்

ஞாயிறு மாலை, குழந்தை தூங்கிய பிறகு, இருவர் கேலண்டரையும் திறந்து வையுங்கள். எந்த நாளில் யார் விடுவது, யார் அழைத்து வருவது? யார் எந்த நாள் தாமதமாக வருவார்? இந்த வாரம் யாருடைய எந்த வேலையை நகர்த்தவே முடியாது? அவ்வளவு போதும். மனக்குறைகளை இந்த அரை மணியில் பேசாதீர்கள், அவற்றுக்கு வேறு நேரம் வையுங்கள். இரண்டையும் கலந்தால் அடுத்த ஞாயிறு இருவருமே கேலண்டரைத் திறக்கமாட்டீர்கள்.

8. பணம், பெயர், கையெழுத்து

வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு, இவற்றில் முடிந்தவரை இருவர் பெயரும் இருக்கட்டும். சம்பளம் இல்லாத மாதங்களிலும் துணைவர் பெயரில் ஒரு தனிக் கணக்கு வேண்டும். கடன் வரலாறு பார்க்கும் நாடுகளில், எல்லாவற்றிலும் ஒருவர் பெயரே இருந்தால் மற்றவர் ஐந்தாண்டு வாழ்ந்த பிறகும் புதிதாக வந்திறங்கியவர் மாதிரித்தான் நிற்பார்.

வரி முறையையும் பாருங்கள். ஜெர்மனியில் தம்பதிகள் ஒருவருக்கு மூன்று, மற்றவருக்கு ஐந்து என்ற வரி வகுப்புகளைத் தேர்ந்தெடுத்தால், அதிகம் சம்பாதிப்பவர் கையில் கூடுதலாக வரும், குறைவாகச் சம்பாதிப்பவரின் கைச்சம்பளம் மிகவும் சுருங்கித் தெரியும். பேறுகால உதவித்தொகையும் வேலையிழப்புத் தொகையும் அந்தக் கைச்சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படும். இரண்டாவது வேலை தொடங்கும் முன், இருவருக்கும் நான்கு என்ற வகுப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

9. பெற்றோரை வரவழைப்பது

தாத்தா பாட்டி வந்தால் வீடே நிறைந்துவிடும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டாவது வேலையை அவர்கள் வருகையின் மீது கட்டாதீர்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாள்தான். பிரிட்டனில் வழக்கமாக ஒரு வருகைக்கு ஆறு மாதம். கனடாவின் சூப்பர் விசா மட்டும் 2022 ஜூலை முதல் ஒரு வருகையில் ஐந்தாண்டு வரை தங்க விடுகிறது, அதற்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். அவர்கள் திரும்பிப் போன மறுநாள் என்ன ஏற்பாடு என்று தெரியாமல் வரவழைத்தால் எல்லோருக்கும் வேதனைதான். அறுபத்தைந்து வயதில் மொழி தெரியாத ஊரில், நாள் முழுக்கக் குழந்தையோடு தனியாக இருப்பது அவர்களுக்கு எவ்வளவு கனமானது என்பதையும் யோசியுங்கள். டே கேர் ஏற்பாடு நடக்கட்டும், அவர்கள் மாலையில் பேரப்பிள்ளையோடு இருக்கட்டும். வேலையில் சேரும் முதல் இரண்டு மாதம் அவர்கள் பக்கத்தில் இருக்கும்படி திட்டமிட்டால் அது பெரிய பலம்.

10. ஆபீசில் கேட்பது

கேட்க வெட்கப்படாதீர்கள், பல இடங்களில் அது சட்டம் தந்த உரிமை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நேர மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கலாம். கம்பெனி இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்லவேண்டும். ஜெர்மனியில் 2019 முதல், 45 பேருக்கு மேல் உள்ள நிறுவனத்தில் ஆறு மாதம் வேலை செய்தவர், ஒன்று முதல் ஐந்தாண்டு வரை நேரத்தைக் குறைத்துக்கொண்டு பிறகு பழைய நேரத்துக்கே திரும்பலாம். இந்தத் திரும்பும் உரிமை இல்லாமல் பகுதிநேரத்துக்கு மாறாதீர்கள். முழுநேரத்துக்கு மறுபடி ஏறுவது மிகவும் கடினம்.

"குழந்தை இருக்கு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்று கேட்டால் மேலாளருக்கு எதற்குச் சரி சொல்வது என்றே தெரியாது. "செவ்வாயும் வியாழனும் நான்கு மணிக்குக் கிளம்புவேன், இரவு எட்டு முதல் ஒன்பதரை வரை மறுபடி வேலையில் இருப்பேன், அந்த இரண்டு நாளும் நான்கு மணிக்கு மேல் மீட்டிங் வேண்டாம்" என்று கேளுங்கள். முதல் வேலையில் இருப்பவரும் கட்டாயம் இப்படிக் கேட்கவேண்டும். ஒருவர் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தால், ஒருவருடைய கம்பெனி மட்டுமே அந்தக் குடும்பத்தைச் சுமக்கும். கடைசியில் பதவி உயர்வுப் பட்டியலில் விடுபடுவதும் அவர் பெயராகத்தான் இருக்கும்.

11. ஆண்டுக்கு ஒருமுறை தாளைத் திருப்பிப் பாருங்கள்

மூன்றாவது படியில் எழுதிய தாளைத் தூக்கிப் போடாதீர்கள். குழந்தை வளரும், விசா மாறும், ஒருவருக்கு வேலை போகும், மற்றவருக்கு நல்ல வாய்ப்பு வரும். ஆண்டுக்கு ஒருமுறை அதை எடுத்துப் புதிதாக எழுதுங்கள். போன ஆண்டு யார் வேலைக்காக யார் விட்டுக்கொடுத்தார் என்பதையும் ஒரு வரியில் குறியுங்கள். அடுத்த முறை யார் முறை என்று அப்போதுதான் தெரியும்.

சென்ற ஆண்டு என் கணவருக்கு வேறொரு நகரத்தில் கூடுதல் சம்பளத்துக்கு வேலை வந்தது. முன்பென்றால் அன்று மாலையே சரி என்று சொல்லியிருப்போம். இந்த முறை தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முந்தைய இரண்டு முறையும் விட்டுக்கொடுத்தவள் நான் என்று அதில் இருந்தது. எனக்கும் அங்கே வேலை கிடைக்க நேரம் வேண்டும், ஆறு மாதம் தள்ளிச் சேரலாமா என்று அவர் அந்தக் கம்பெனியில் கேட்டார். நான்கு மாதம் தந்தார்கள். அந்த நான்கு மாதத்தில் புதன்கிழமைகளில் அவர் வீட்டிலிருந்தார், நான் அந்த நகரத்துக்கு ரயிலில் போய் ஐந்து இன்டர்வியூ முடித்தேன். நான்காவது இடத்தில் வேலை கிடைத்தது. பள்ளி முடிந்தபின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மையத்தின் பட்டியலில், கம்பெனியிடமிருந்து பதில் வந்த மறுநாளே பெயர் கொடுத்திருந்தோம்.